கேளுங்க, பேசுவோம்: இந்த தடவை முழுக்க ஞாபக மறதி

இந்த தடவை தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்து வந்த கேள்விகள்ல நிறைய மறதி பத்திதான் இருந்துச்சு, அதனால மாம்பழம், தக்காளி விலை, பஸ் வசதி எல்லாத்தையும் அடுத்த இதழுக்கு தள்ளி வெச்சாச்சு.

ஹால்ல இருந்து கிச்சனுக்கு போறேன், எதுக்கு வந்தேன்னே தெரியல, திரும்ப வந்து சோபாவுல உக்காந்தா ஞாபகம் வருது. ஸ்கூட்டில கொஞ்ச தூரம் போனதும் கேஸ் ஆஃப் பண்ணமான்னு பயம் வந்து திரும்பி வந்து பாத்தா ஆஃப் பண்ணிதான் இருக்கு. வயசு 43. எங்கம்மாவுக்கு கடைசி காலத்துல யாரையுமே அடையாளம் தெரியல, எனக்கும் ஆரம்பிச்சிடுச்சா? (வாசகி, பாலக்கோடு)

சோபாவுக்கு வந்தா ஞாபகம் வருதுன்னு நீங்களே எழுதிட்டீங்க பாருங்க, அப்போ விஷயம் அழிஞ்சு போகல, உள்ளதான் இருக்கு, அந்த இடத்துல இருந்து எடுக்க முடியல, அவ்வளவுதான். அமெரிக்காவுல நோட்ரடாம் யுனிவர்சிட்டில ராட்வான்ஸ்கின்னு ஒரு சைக்காலஜி புரொஃபசர் 2011ல இதையே சோதிச்சு பாத்தாரு, ஒரே ரூமுக்குள்ள நடந்தவங்களை விட, அதே தூரத்தை ஒரு வாசல் தாண்டி நடந்தவங்க கையில இருந்த பொருள் என்னன்னே அதிகமா மறந்தாங்க. வாசல் தாண்டினா மூளை பழைய ரூம் கணக்கை முடிச்சுட்டு புதுசா ஒண்ணு ஆரம்பிச்சிடுதுன்னு அவர் விளக்கம். அதோட, அந்த நேரத்துக்கு மனசுல பிடிச்சு வெச்சிருக்கற இடம் ரொம்ப சின்னது, நாலு விஷயம் நின்னாலே பெருசு, நடுவுல போன் அடிச்சு, பையன் ஐடி கார்டு எங்கம்மான்னு கத்தினா, நீங்க எடுக்க வந்த கடுகு டப்பா வெளிய விழுந்துடும்.

கேஸ் கதை வேற. அங்க நீங்க மறக்கவே இல்ல, பதிவே ஆகல. கை அதுபாட்டுக்கு திருகிடுச்சு, மனசு வேற எங்கயோ இருந்துச்சு, கவனம் இல்லாம செஞ்சது ஞாபகத்துல ஏறாது, அப்படியே ஏறினாலும் நேத்து அணைச்சது, முந்தாநாள் அணைச்சது எல்லாத்தோடயும் ஒண்ணா ஒட்டிக்கும். அதனால திருகும்போதே வாய் விட்டு சொல்லுங்க, "இன்னைக்கு செவ்வாய், ரசம் வெச்சேன், அணைச்சாச்சு"ன்னு. வெறுமனே அணைச்சாச்சுன்னு சொன்னா போதாது, இன்னைக்குன்னு தனியா ஒரு அடையாளம் வேணும். மாமியார் ஒரு மாதிரி பாப்பாங்க, பாக்கட்டும்.

அம்மா விஷயம். அவங்களுக்கு எழுபதுக்கு மேல வந்திருந்தா, உங்களுக்கு 43ல அதே நோய் வர்ற வாய்ப்பு ரொம்ப ரொம்ப கம்மிங்க. ஆனா இந்த வயசுல தைராய்டு, வைட்டமின் பி12, ரத்தசோகை மூணுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்துடுங்க, மாதவிடாய் நிக்கப்போற காலத்துல தூக்கம் கெடும், தூக்கம் கெட்டா மறதி கூடத்தான் செய்யும்.

ஏழாவது படிக்கிற பையனுக்கு தினமும் வல்லாரை சிரப் கொடுக்கலாமா? (ஓசூர்)

வல்லாரை நல்ல கீரை, துவையல் அரைச்சு கொடுங்க. அது ஞாபக சக்தியை கூட்டும்னு உறுதியா நிரூபணம் ஆகல. சிரப்புக்கு போடற காசை மிச்சம் பிடிச்சு பையனை ஒன்பதரைக்கு தூங்க வைங்க, பகல்ல படிச்சது கெட்டிப்படறதே தூக்கத்துலதான்.

கிணத்துப் பக்கத்து மாந்தோப்பு எனக்குன்னு எங்கப்பா ஆஸ்பத்திரி கட்டில்ல சொன்னாரு, என் காதால கேட்டேன். அண்ணன் அதே ரூம்ல இருந்துட்டு, எனக்குன்னுதான் சொன்னாருங்கறாரு, கோயில்ல கற்பூரம் அணைச்சு சத்தியம் பண்ணவும் ரெடியாம். இதுல ஒருத்தர் பொய்தானே? (காவேரிப்பட்டணம்)

அப்படி இருக்கணும்னு இல்லைங்க. ரெண்டு பேரும் மனசறிஞ்சு உண்மையே பேசலாம், அப்பவும் ஒருத்தர் சொல்றது தப்பா இருக்கலாம், ஏன், ரெண்டுமே தப்பா இருக்கலாம். நம்ம ஞாபகம் போன்ல எடுத்த வீடியோ மாதிரி கிடையாது, ஒவ்வொரு தடவை நினைக்கறப்பவும் மூளை அதை திரும்ப கட்டுது, கட்டறப்போ நடுவுல விட்டுப்போனதை இப்போ இருக்கற ஆசை, கோவம், அடுத்தவங்க சொன்னது இதை வெச்சு நிரப்பிக்குது, நிரப்பினதுன்னு நமக்கே தெரியாது.

1974ல எலிசபெத் லாஃப்டஸ், ஜான் பால்மர்னு ரெண்டு பேரு ஒரு சோதனை பண்ணாங்க. கார் மோதற படத்தை காட்டிட்டு, கொஞ்சம் பேர்கிட்ட கார் "மோதினப்போ" என்ன வேகம்னும், வேற கொஞ்சம் பேர்கிட்ட "மோதி நொறுங்கினப்போ" என்ன வேகம்னும் கேட்டாங்க. ஒரு வாரம் கழிச்சு உடைஞ்ச கண்ணாடி பாத்தீங்களான்னு கேட்டா, நொறுங்கினதுன்னு கேள்வி வாங்கின 50 பேர்ல 16 பேர் ஆமாங்கறாங்க, மோதினதுன்னு வாங்கின 50 பேர்ல 7 பேர்தான். படத்துல உடைஞ்ச கண்ணாடியே இல்ல! கேள்வில ஒரு சொல் மாறினதுக்கே இந்த கதின்னா, உங்க அண்ணி, உங்க வீட்டம்மா, டீக்கடை பெஞ்ச், பஞ்சாயத்துக்கு வந்த மாமான்னு இத்தனை பேர்கிட்ட இத்தனை தடவை சொன்னதுல அப்பா சொன்ன பேச்சு எவ்வளவு மாறியிருக்கும்னு நீங்களே கணக்கு போடுங்க.

"உறுதியா ஞாபகம் இருக்கு"ங்கறதும் சாட்சி ஆகாது. 1986 ஜனவரில சேலஞ்சர் விண்கலம் வெடிச்சப்போ, நைசர்னு ஒரு புரொஃபசர் மறுநாளே மாணவர்கள்கிட்ட, சேதியை எங்க எப்படி கேட்டீங்கன்னு எழுதி வாங்கி வெச்சுட்டு ரெண்டரை வருஷம் கழிச்சு திரும்ப கேட்டாரு, நிறைய பேர் வேற கதை சொன்னாங்க, அதுவும் அடிச்சு சொன்னாங்க, அவங்க கையெழுத்தையே எடுத்து காட்டினப்பவும் பழைய கதை திரும்பி வரல. அதனால சத்தியம் வேணாங்க. அன்னைக்கு ரூம்ல வேற யார் இருந்தாங்களோ அவங்களை தனித்தனியா கேளுங்க, உங்க ரெண்டு பேர் கதையையும் முன்னாடியே எடுத்து விடாம கேளுங்க, மிச்சத்தை பத்திரமும் வக்கீலும் பாத்துப்பாங்க. அண்ணனை பொய்யன்னு சொல்றதை மட்டும் இன்னைக்கே நிறுத்திடுங்க.

பிளஸ் டூ படிக்கிறேன். ஒரு பாடத்தை அஞ்சு தடவை படிச்சும் ஹால்ல உக்காந்தா பிளாங்க். (ஊத்தங்கரை)

தம்பி, அஞ்சாவது தடவை படிக்கறப்போ எல்லாம் தெரிஞ்ச மாதிரி இருக்கும், அது பக்கம் பழகினதால வர்ற சுகம், பதில் உள்ள இருக்குன்னு அர்த்தம் இல்ல. 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர் அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் பண்ணி தன்னையே சோதிச்சு எழுதினாரு, ஒரு மணி நேரத்துல பாதிக்கு மேல போயிடுது, அப்புறம் போற வேகம் குறையுது. ரெண்டு தடவை படி, புக்கை மூடு, வெத்துத்தாள்ல எழுது, தடுமாறுற இடத்தை மட்டும் திறந்து பாரு, மூணு நாள் கழிச்சு அதையே திரும்ப எழுது. கஷ்டமா இருக்கும், கஷ்டப்பட்டு வெளிய எடுக்கறதுதான் அடுத்த தடவை வர வைக்கும். ஹால்ல பிளாங்க் ஆச்சுன்னா அந்த கேள்வியை விட்டுட்டு அடுத்ததை எழுது, வம்பு பண்ணா வராதது தானா வரும்.

தாத்தாவுக்கு 78. ஒரு காலத்துல தெருக்கூத்து வாத்தியார், இன்னைக்கும் துரியோதனன் பாட்டு எடுத்துக் கொடுத்தா ஒரு அடி விடாம பாடறாரு. ஆனா களி சாப்பிட்ட பத்து நிமிஷத்துல "சோறு போடலையா"ங்கறாரு. நடிக்கறாரான்னு அப்பாவுக்கு கோவம். (பென்னாகரம்)

நடிக்கல, அப்பாவை மொதல்ல கோவத்தை விட சொல்லுங்க. காதுக்கு மேல உள்பக்கமா, ரெண்டு பக்கமும் ஹிப்போகேம்பஸ்னு ஒரு சின்ன பகுதி இருக்கு, புதுசா நடக்கறதை ஞாபகமா மாத்தறது அதோட வேலை. 1953ல அமெரிக்காவுல ஹென்றி மொலைசன்னு 27 வயசு ஆளுக்கு வலிப்புக்காக ஆபரேஷன் பண்ணப்போ அதுல ஒரு பெரிய பகுதியை ரெண்டு பக்கமும் எடுத்துட்டாங்க. 2008ல அவர் சாகற வரைக்கும் இப்போ பேசிட்டு போன டாக்டர் திரும்பி வந்தா புது ஆளுதான், ஆனா சின்ன வயசு கதைகள் இருந்துச்சு. கண்ணாடில பாத்துக்கிட்டே நட்சத்திரம் வரையற பயிற்சி கொடுத்தாங்க, நாளுக்கு நாள் கை தேறுது, அவரோ இதை நான் செஞ்சதே இல்லைங்கறாரு. கைப்பழக்கம், வாய்ப்பழக்கம் எல்லாம் மூளைல வேற இடம். தாத்தா வயசுப்பையனா கட்டை கட்டி விடிய விடிய ஆடினது அந்த இடத்துல ஏறினது. வயசானவங்களுக்கு வர்ற அல்சைமர்ங்கற மறதி நோய் பெரும்பாலும் ஹிப்போகேம்பஸ் பக்கம்தான் ஆரம்பிக்கும், அதான் காலைல நடந்தது போயிடுது, நாப்பது வருஷத்துக்கு முந்தின பாட்டு நிக்குது.

ஆனா அல்சைமர்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. பி12 குறைஞ்சாலும் இப்படி ஆகும், சுகருக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கா சாப்பிடறவங்களுக்கு பி12 குறையறது சகஜம். தைராய்டு, மனச்சோர்வு, காது கேக்காம போறது, தூக்க மாத்திரை, தூக்கம் வர வைக்கிற சளி மாத்திரை இதெல்லாமும் காரணமா இருக்கலாம். கொஞ்ச வாரம் முன்னாடி வழுக்கி தலைல அடி பட்டிருந்தா கண்டிப்பா சொல்லுங்க, மூளைக்கு மேல ரத்தம் மெதுவா கட்டி நிக்கலாம், ஸ்கேன்ல தெரியும், சரி பண்ணிடலாம். ரெண்டே நாள்ல திடீர்னு குழம்பினாருன்னா காத்திருக்காம அன்னைக்கே கூட்டிட்டு போகணும்.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கு போறப்போ அவர் சாப்பிடற எல்லா மாத்திரை அட்டையையும், மெடிக்கல்ல கேட்டு வாங்கினதையும் சேர்த்து, ஒரு பையில எடுத்துட்டு போங்க. அவர் கூடவே இருக்கறவங்க யாராவது போகணும், ஏன்னா டாக்டர் கேட்டா தாத்தா "எனக்கு ஒண்ணுமில்லைங்க, நல்லாதான் இருக்கேன்"னுதான் சொல்வாரு.