அபின் பெட்டியும் ஒரு காகிதமும்

கேள்வி: 1925 ஜெனீவா அபின் மாநாட்டில் பிரிட்டனும் ஜப்பானும் ஏதோ சான்றிதழுக்காக முட்டிக்கொண்டார்களாமே, ஒரு காகிதத்துக்கா அவ்வளவு சண்டை?

பதில்: காகிதம் சின்னதுதான். அபின் வாங்கும் நாட்டு அரசு, ‘சரக்கு எங்களுக்குத்தான், முறையான தேவைக்குத்தான்’ என்று எழுதிக் கொடுக்கும், அதைப் பார்த்த பிறகே விற்கும் நாடு கப்பலில் ஏற்ற விடும். இந்த இறக்குமதிச் சான்றிதழ் முறையைப் பன்னாட்டுச் சங்கத்தில் (ஐ.நா.வுக்கு முன்பிருந்த உலக நாடுகளின் அமைப்பு) விடாப்பிடியாக வலியுறுத்தியவர் பிரிட்டிஷ் உள்துறை அதிகாரி மால்கம் டெலவீன்.

சிக்கல் நடுவழியில். கிழக்கே போகும் சரக்கு சிங்கப்பூர், ஹாங்காங் போன்ற துறைமுகங்களில் கப்பல் மாறும். அங்கே சான்றிதழைக் காட்டினாலும் சந்தேகம் வந்தால் தடுப்போம் என்றது பிரிட்டன். எங்கள் அரசு முத்திரை குத்திய தாளைச் சந்தேகிக்க நீங்கள் யார் என்றது ஜப்பான். இரண்டு பேருக்கும் அதைப் பேசும் யோக்கியதை இருந்ததா என்பது வேறு கதை: அப்போது தன் ஆட்சியில் இருந்த தைவானில் ஜப்பான் அரசே அபின் விற்றது, சிங்கப்பூரை ஆண்ட பிரிட்டிஷ் அரசுக்கோ வருமானத்தில் பாதிக்குப் பக்கமாக அபினிலிருந்து வந்த ஆண்டுகளும் உண்டு.

கடைசியில் 1925 பிப்ரவரி 11 உடன்படிக்கையில், புகைக்கக் காய்ச்சிய அபினைக் கப்பல் மாற்றவே கூடாது என்றார்கள். காய்ச்சாத பச்சை அபினுக்கு மட்டும், முறைகேடாகப் போகாது என்பதற்குப் போதிய உத்தரவாதமாக ‘ஏற்கத்தக்க’ சான்றிதழ் வேண்டும் என்று எழுதினார்கள். யார் ஏற்பது? அந்த வரியில் அதற்குப் பதில் இல்லை. கெட்டிக்காரத்தனமான எழுத்துதான், போங்கள்.

எட்டு நாள் கழித்துக் கையெழுத்தான இன்னொரு ஒப்பந்தம் (1928-இல் அமலுக்கு வந்தது) இதைவிடத் தெளிவு. ஒவ்வொரு சரக்குக்கும் தனிச் சான்றிதழ், ஏற்றுமதி அனுமதியின் நகல் பெட்டியோடு கூடவே போக வேண்டும், வழியில் வேறு ஊருக்குத் திருப்பினால் அதற்கும் தனியாக ஒரு சான்று. ஆனால் மருத்துவத் தேவைக்கு மேல் அபின் விளைவிக்கவே கூடாது என்று கேட்ட அமெரிக்கக் குழு, ஸ்டீபன் போர்ட்டர் தலைமையில் அதற்கு முன்பே எழுந்து போய்விட்டது, சீனாவும் வெளியேறிவிட்டது.

கேள்வி: அங்கே இந்தியா என்ன செய்தது?

பதில்: நாற்காலி இருந்தது, சரி, ஆனால் இந்தியாவுக்காகப் பேசியவர் ஜான் காம்ப்பெல் என்ற பிரிட்டிஷ் அதிகாரி. மருந்து தவிர மற்ற தேவைக்கான அபின் ஏற்றுமதியை ஆண்டுக்குப் பத்தில் ஒரு பங்கு வீதம் குறைப்போம் என்று இந்திய அரசு 1926-இல்தான் முடிவெடுத்தது. 1935-உடன் அந்த ஏற்றுமதி நின்றது.