பழைய வீட்டை மராமத்து செய்வதா, வேறிடம் போவதா? செட்டிநாட்டு வீடுகள் பற்றிய கேள்வி பதில்

நான் காரைக்குடியில் கட்டடப் பொறியாளர். சுண்ணாம்புச் சுவரும் நாட்டு ஓடும் தேக்கு உத்திரமும் உள்ள வீடுகளை மராமத்து செய்வதே என் தொழில். வந்த கேள்விகள் பலவும் ஒன்றையே சுற்றுகின்றன: இருக்கிற வீட்டில் பணம் போடலாமா, விட்டுவிட்டுப் போகலாமா? வீட்டை விற்பது குற்றமில்லை, வைத்துக்கொள்வதும் வீண்பெருமை இல்லை. முடிவெடுக்காமல் பூட்டிவிட்டுப் போகிறார்களே, அதுதான் இந்த ஊர்களில் வீடுகளைக் கொல்கிறது. என் பதில்கள் எல்லாம் அந்த எண்ணத்திலிருந்து வருபவை.

கானாடுகாத்தான்: அண்ணே, எங்கள் ஐயா (தாத்தா) கட்டிய வீட்டில் இப்போது பதினொரு புள்ளி, அதாவது பங்குள்ள பதினொரு குடும்பங்கள். எல்லோரும் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்கிறோம். முன்னோர்களுக்கான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் மட்டும்தான் கூடுகிறோம். முழு வீட்டையும் சரிசெய்யக் கேட்கும் தொகை எங்கள் சக்திக்கு மீறியது. விற்றுவிடலாமா?

முழு வீட்டையும் ஒரே மூச்சில் சரிசெய்ய வேண்டும் என்று யார் சொன்னது? தொகையைக் கேட்டு மலைத்துப்போய், ஒன்றுமே செய்யாமல் இன்னும் பத்து வருடம் கடத்திய குடும்பங்கள் பல. அதற்குள் தொகை இரண்டு மடங்காகிவிடும்.

முதலில் கூரை மட்டும். வளவை, அதாவது நடு முற்றத்தைச் சுற்றி நான்கு பக்கமும் ஓட்டுச் சரிவு உள்நோக்கி இறங்குகிறது அல்லவா? இரண்டு சரிவுகள் சேரும் கூடல்வாயில்தான் எல்லா நோயும் தொடங்குகிறது. அங்கே தகரம் துருப்பிடித்து ஓட்டை விழுந்தால், சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திரத்தின் முனையில் நேராகத் தண்ணீர் இறங்கும். பர்மாத் தேக்கைக் கரையான் எளிதில் தொடாது. ஆனால் வருடக்கணக்கில் ஈரத்தில் கிடந்தால் தேக்கும் உளுத்துப்போகும். வெளியே தெரியும் பகுதி பளபளவென்று இருக்கும். சுவரை ஒட்டிய முனையை மரச்சுத்தியால் தட்டினால் பொத்தென்று சத்தம் கேட்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் நல்ல ஆசாரி கெட்டதை அறுத்தெடுத்துவிட்டுப் புது மரம் ஒட்டுப்போட்டுக் கொடுப்பார். முழு உத்திரத்தையும் மாற்ற வேண்டியதில்லை.

ஆகவே கூடல்வாய்த் தகரத்தை மாற்றுங்கள். ஓடுகளைப் பிரித்து, உடைந்ததைக் கழித்து, மறுபடி போடுங்கள். வளவிலிருந்து மழைநீர் வெளியேறும் வாய்க்காலின் அடைப்பை எடுங்கள். பதினொரு பங்காகப் பிரித்தால் இந்த மூன்றும் யாருக்கும் பெரிய சுமையாகாது. அடுத்த கட்டமாக முகப்பையும் வளவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். படைப்பு நடப்பதும் சொந்தபந்தம் உட்காருவதும் அங்கேதான். வீட்டின் பின்பகுதிகளான இரண்டாம் கட்டும் பின்கட்டும் ஒழுகாமல் இருந்தால் போதும், அவை காத்திருக்கும்.

பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிடுகின்றன. கல்யாணம் வருகிறது என்று முதலில் பெயிண்ட் அடிக்கிறார்கள். அடுத்த ஐப்பசியில் அந்தப் பெயிண்ட் உப்பி உதிர்கிறது. கூரை, வடிகால், மரம், மின்கம்பி, பூச்சு, கடைசியாக வண்ணம். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் விற்பது என்று முடிவானால் விற்றுக்கொள்ளலாம். ஒழுகாத வீட்டை வாங்க ஆள் வருவார். ஒழுகும் வீட்டை வாங்க வருகிறவர் மரத்துக்கும் மனைக்கும்தான் விலை பேசுவார்.

அதே வீடு: செலவுக்காக இரண்டாம் கட்டுத் தூண்களையும் நிலைக்கதவுகளையும் மட்டும் விற்றால் என்ன?

வேண்டாம். கெஞ்சிக் கேட்கிறேன். காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் சாத்தி வைத்திருக்கும் ஒவ்வொரு தூணும் ஏதோ ஒரு தாழ்வாரப் பத்தியைத் தாங்கி நின்றது. தூணை எடுத்தால் விட்டம் தொய்யும், பிறகு ஓடு சரியும். விற்ற காசு அதற்கு முட்டுக்கொடுக்கவே போதாது. தனியாக நிற்கும் பீரோ, கண்ணாடி, பீங்கான் என்றால் வேறு விஷயம். எல்லாப் பங்காளிகளும் எழுத்தில் ஒப்புக்கொண்டால் விற்று, அந்தப் பணத்தைக் கூரையில் போடலாம்.

கொத்தமங்கலம்: பிறந்த வீட்டை மராமத்து செய்யவும் பிறகு ஒரு பகுதியை விற்கவும் என் அண்ணன் கையெழுத்துக் கேட்கிறார். திருமணத்தின்போது எனக்குச் சீர் எல்லாம் செய்துவிட்டார்கள். வீட்டில் எனக்கு உரிமை இருக்கிறதா?

சீர் செய்ததால் சொத்துரிமை போய்விடாது, தங்கச்சி. 2005 ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம், கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு உள்ள அதே உரிமையைப் பிறப்பிலேயே மகளுக்கும் தந்தது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020 இல் உச்ச நீதிமன்றமும் தெளிவாக்கிவிட்டது. ஆனால் 2004 டிசம்பர் 20 ஆம் தேதிக்கு முன்பே முறைப்படி பதிவான பாகப்பிரிவினை இருந்தால் அதை இது கலைக்காது. வில்லங்கச் சான்று எடுத்து முதலில் அதைப் பாருங்கள். வீடு ஐயாவின் காலத்துச் சொத்தா, தந்தை தாமே சம்பாதித்ததா, உயில் உண்டா என்பதைப் பொறுத்தும் பதில் மாறும். பத்திரங்களோடு ஒரு வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

உங்கள் அண்ணனுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். பங்கு தெளிவாகாத வீட்டில் போட்ட பணத்தைத் திரும்ப வாங்குவது கடினம். குடும்பத்துக்குள் பாகப்பிரிவினை பதிவு செய்வதற்குத் தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை 1 சதவீதம், ஒரு பங்குக்கு அதிகபட்சம் 40,000 ரூபாய். பதிவுக் கட்டணம் அதிகபட்சம் 10,000. வழக்குக்குப் போனால் ஆகும் செலவோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை.

தேவகோட்டை: சுவரில் இடுப்பளவுக்கு ஓதம் ஏறிப் பூச்சு உதிர்கிறது. சிமெண்ட் பூசிவிடலாம் என்கிறார் கொத்தனார்.

பூசக் கூடாது. சுண்ணாம்புச் சுவர் உள்ளே வந்த ஈரத்தை வெளியே விடும். மேலே சிமெண்டை அப்பினால் ஈரம் போக வழியில்லாமல் இன்னும் மேலே ஏறும், உப்பு பூத்துச் செங்கல்லையே பொடியாக்கும். உதிர்ந்த பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒரு கோடை முழுவதும் சுவரை உலர விட்டு, சுண்ணாம்புக் காரையாலேயே பூசுங்கள். கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, மேல்பூச்சில் முட்டை வெள்ளைக்கரு சேர்த்துத் தேய்க்கத் தெரிந்த கொத்தனார்கள் இன்றும் நம் பக்கம் இருக்கிறார்கள். கூலி கூடத்தான் ஆகும், கொடுங்கள். அந்தக் கைகளுக்கு வேலை இல்லாமல் போனால் அடுத்த தலைமுறைக்கு இந்த வீடுகளைத் தொட ஆளே இருக்காது. ஆனால் பூசுவதற்கு முன், சுவரோரத்தில் குழாய் கசிகிறதா, தெருவை உயர்த்திப் போட்டதில் தண்ணீர் உங்கள் பக்கம் தேங்குகிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பள்ளத்தூர்: எனக்கு வயது எழுபத்தாறு. இந்தப் பெரிய வீட்டில் தனியாக இருக்கிறேன். காரைக்குடியில் ஒரு அடுக்குமாடி வீடு வாங்கித் தருகிறோம், வந்துவிடுங்கள் என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். வீட்டை விட்டுப் போக மனம் இல்லை.

ஆச்சி, முடிவு உங்களுடையது. பிள்ளைகளின் பயத்திலும் நியாயம் இருக்கிறது. இரவில் கழிப்பறைக்குப் பின்கட்டு வரை நடக்கிறீர்கள். வழியில் உயரமான நிலைப்படிகள், வளவுக்கு இறங்கும் படி, மழை நாளில் வழுக்கும் கல். விழுந்தால் குரல் கொடுத்தாலும் தெருவுக்குக் கேட்காது.

ஒரு வருடம் இப்படி இருந்து பாருங்கள் என்பேன். முகப்பை ஒட்டிய அறை ஒன்றை உங்களுக்கென்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே உட்காரும் வகைக் கழிப்பறையும், பிடித்துக்கொள்ளக் கம்பியும், ஒரு சிறிய அடுப்படியும் அமைக்கலாம். குழாய்களைப் பழைய சுவரைக் குடையாமல் வெளிப்பக்கமாகக் கொண்டுபோக வேண்டும். மீதி வீட்டைப் பூட்டிவிட்டு, வாரம் ஒரு முறை ஆளை வைத்துத் திறந்து பெருக்கச் சொல்லுங்கள். இரவுத் துணைக்கு ஒரு ஆள் கட்டாயம். துணை கிடைக்கவில்லை என்றால், தயங்காமல் காரைக்குடிக்குப் போய்விடுங்கள். அதற்காக நீங்கள் யாரிடமும் குற்றவாளிபோல் நிற்க வேண்டாம். லிஃப்ட் உள்ள கட்டடமா, மின்சாரம் போனாலும் லிஃப்ட் ஓடுமா என்று மட்டும் வாங்குவதற்கு முன் கேட்கச் சொல்லுங்கள்.

புதுவயல்: நான் பள்ளி ஆசிரியர். எங்களுடையது பெரிய வீடு அல்ல, 1988 இல் கட்டிய கான்கிரீட் வீடு. கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. சரிசெய்வதா, காரைக்குடியில் வீடு வாங்குவதா?

நல்லவேளை கேட்டீர்கள். செட்டிநாடு என்றாலே அரண்மனை வீடு என்று பேசுகிறோம், இங்கே மிகப் பலர் உங்களைப் போன்ற வீட்டில்தான் இருக்கிறார்கள்.

கூரையின் அடிப்பக்கம் முழுவதும் சுத்தியால் தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். குளியலறை, சன்ஷேடு போன்ற ஓரிரு இடங்களில் மட்டும் பொத்தென்ற சத்தம் வந்தால் சரிசெய்யலாம். தளர்ந்த கான்கிரீட்டை உடைத்தெடுத்து, கம்பியின் துருவைத் தேய்த்து நீக்கி, துருத்தடுப்புப் பூசி, அதற்கென்றே உள்ள பழுதுக் கலவையால் நிரப்ப வேண்டும். வெறும் சிமெண்டை அப்பினால் மறுபடி விழும். மேலே தளத்தின் ஒழுக்கையும் அடைக்க வேண்டும். கூரை முழுவதும் அப்படி ஒலித்தாலோ கம்பி நன்றாகத் தேய்ந்திருந்தாலோ ஒட்டுவேலை வீண். சுவரும் அடித்தளமும் நன்றாக இருந்தால் கூரையை மட்டும் புதிதாகப் போடலாம்.

வாங்குவதைக் கணக்கிடும்போது விலையோடு நிறுத்தாதீர்கள். கிரயப் பத்திரத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். முப்பது லட்சம் ரூபாய் வீட்டுக்கு 2,70,000 ரூபாய் இதற்கே போய்விடும். உங்கள் கூரை வேலையில் பெரும்பகுதி இந்தத் தொகைக்குள்ளேயே முடியக்கூடும். பள்ளியும் புதுவயல் பக்கம் என்றால், நான் அங்கேயே இருக்கத்தான் சொல்வேன். வாங்கியே தீருவது என்றால், அந்த இடம் முன்பு கண்மாய் உள்வாயாகவோ (தண்ணீர் தேங்கும் பகுதி) வாய்க்காலாகவோ இருந்ததா என்று அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேளுங்கள்.

சிங்கப்பூர்: என் பங்கை விற்றால் வருமான வரி எப்படி?

2001 ஏப்ரல் 1 க்கு முன் வந்த சொத்து என்றால், அன்றைய சந்தை மதிப்பை அடக்க விலையாக எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக் கூடாது. நீண்டகால மூலதன ஆதாயத்துக்கு வரி 12.5 சதவீதம். பணவீக்கத்தைக் கழித்து 20 சதவீதம் கட்டும் வழி, இந்தியாவில் குடியிருப்பவராகக் கருதப்படுபவருக்கு மட்டுமே உண்டு. கிரயத்துக்கு முன்பே ஆடிட்டரைப் பாருங்கள், பின்பு போனால் பயன் குறைவு.

ராயவரம்: யுனெஸ்கோ பட்டியலில் செட்டிநாடு இருக்கிறதாமே. வீட்டைப் பழுது பார்க்கப் பணம் வருமா? ஹோட்டலாக மாற்றலாமா?

2014 இல் சேர்ந்தது உத்தேசப் பட்டியலில், உலக மரபுரிமைச் சின்னங்களின் இறுதிப் பட்டியலில் அல்ல. அதனால் தனியார் வீட்டுக்குப் பணம் எதுவும் வராது. ஹோட்டல் என்பது முழுநேரத் தொழில். கூடவே இருந்து நடத்தக் குடும்பத்தில் ஒருவர் இல்லையென்றால், நடத்தத் தெரிந்தவருக்கு நீண்டகாலக் குத்தகைக்கு விடுங்கள். கூரை மராமத்து யார் பொறுப்பு என்பது குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும்.

கோட்டையூர்: ஆத்தங்குடிக் கல் மங்கிவிட்டது. ஆசிட் ஊற்றிக் கழுவலாமா?

வேண்டவே வேண்டாம், ஆத்தங்குடிக் கல் சிமெண்டில் செய்த தரை ஓடு, ஆசிட் அதை அரித்துவிடும். தண்ணீரில் துடைத்து, நன்றாகக் காய்ந்தபின் துணியில் சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டுத் தேயுங்கள்.

கானாடுகாத்தான், மறுபடியும்: ஓடு பிரித்துப் போட எது நல்ல காலம்?

சித்திரையில் ஆள் பிடித்து, ஆடிக்குள் முடித்துவிடுங்கள். புரட்டாசியில் எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிடுவார்கள், ஓடு போடுகிறவர் கிடைக்கமாட்டார். குரங்கும் அணிலும் ஓடுகளை நகர்த்திக்கொண்டேதான் இருக்கும், ஆகவே வருடம் ஒரு முறை ஏறிப் பார்க்க ஒருவரை இப்போதே பேசி வையுங்கள். அவருக்கான கூலியைப் பதினொரு புள்ளியும் ஆண்டுத் தொடக்கத்திலேயே பொதுக் கணக்கில் போட்டுவிடுங்கள்.