ஆவணம் பிறகு வரும் என்றால் அந்தக் கிளியை வாங்காதீர்கள்

ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி விற்கும் ஒருவர் முன்பணம் கேட்கிறார், ‘மூன்று மாதக் குஞ்சு, கூண்டில் பொரித்தது, ஆவணம் பிறகு வரும்’ என்கிறார், நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நம்பாதீர்கள்.

நீங்கள் போட்ட படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் வெளிர் மஞ்சளாக இருக்கிறது. மூன்று மாதக் குஞ்சின் கண் கருமையாகத்தான் இருக்கும். அப்புறம் கால் வளையம். கூண்டில் பொரித்த குஞ்சுக்குச் சில வாரங்களிலேயே இணைப்பில்லாத முழு வளையம் மாட்டுவார்கள். வளர்ந்த பறவையின் பாதத்தைத் தாண்டி அது ஏறாது. இந்தப் பறவையின் வளையத்தில் வெட்டு தெரிகிறது. அப்படிப்பட்டதை எந்த வயதிலும் மாட்டிவிடலாம். வெட்டு மட்டும் குற்றத்துக்குச் சாட்சி ஆகாது, ஆனால் வயதிலேயே பொய் சொல்கிறாரே.

காட்டுப் பறவையைக் கூண்டுப் பறவை என்று விற்பது இந்தக் கடத்தலில் பழகிய வழி. பழக்கிய கிளி ஒன்றைக் கிளையில் கட்டி, சுற்றிலும் பசை தடவி வைப்பார்கள். அதன் குரலுக்குக் காட்டுக் கிளிகள் கூட்டமாக வந்து ஒட்டிக்கொள்ளும். பல, வழியிலேயே செத்துவிடும். கானாவில் 1990களுக்குப் பிறகு இந்தக் கிளிகளில் 90 சதவீதத்துக்கும் மேல் அழிந்துவிட்டன. அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களை நாடு தாண்டி விற்பதைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலில் 2017 ஜனவரி முதல் இருப்பதால், காட்டில் பிடித்ததை வணிகத்துக்காக நாடு தாண்டி விற்கத் தடை.

பாவம், காப்பாற்றலாம் என்றும் வாங்கிவிடாதீர்கள். உங்கள் பணத்தில்தான் அடுத்த கிளைக்குப் பசை பூசுவார்கள். உரையாடல், படம், விளம்பர இணைப்பு எல்லாவற்றையும் சேமித்து உங்கள் பகுதி வனத்துறையிடம் கொடுங்கள். புகார் செய்யப்போவதாக அவரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள், சரியா? பறவையை உடனே இடம் மாற்றிவிடுவார்.