ஓஆர்எம்மும் வீங்கும் மெமரியும்: கேள்வி பதில்

டேட்டாபேஸ் பதிவுகளைப் புரோகிராமின் ஆப்ஜெக்ட்டுகளாக மாற்றித் தரும் ஓஆர்எம் கருவிகளால் மெமரி வீங்குவது பற்றி எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. மலையாளமும் தெலுங்கும் கலந்து வந்தவற்றைத் தமிழில் மாற்றிப் போட்டிருக்கிறேன்.

கொழிஞ்சாம்பாறை: அக்கா, பால் சொசைட்டிக்கு ஜாவாவிலும் அதன் ஓஆர்எம்மான ஹைபர்நேட்டிலும் பில் புரோகிராம். பட்டுவாடா கணக்கு ஓடும்போது ஹீப் (ஆப்ஜெக்ட்டுகளை வைக்கும் மெமரி) நிரம்பி விழுகிறது. 2 ஜிபியை 4 ஜிபி ஆக்கினோம், கொஞ்சம் தாமதமாக விழுகிறது. லீக் (வேலை முடிந்தும் விடுபடாத மெமரி) எங்கே?

தம்பி, இது லீக்கே இல்லை. ஒரு செஷனில் (டேட்டாபேஸோடு பேசும் ஒரு வேலைச் சுற்றில்) எடுக்கும் ஒவ்வொரு பதிவையும் ஹைபர்நேட் முதல்நிலை கேஷில், அதாவது அந்தச் செஷனின் மெமரியில், பிடித்து வைக்கும். எது மாறியது என்று, மாற்றங்களை டேட்டாபேஸுக்கு அனுப்பும் ஃபிளஷ் நேரத்தில் ஒப்பிட, ஏற்றியபோது இருந்த மதிப்புகளையும் கூடவே வைத்திருக்கும். மாடு வைத்திருக்கும் எல்லோருடைய காலை, மாலை ஊற்றலையும் ஒரே டிரான்சாக்‌ஷனில் எடுத்தால் எந்த ஹீப்பும் போதாது.

50 பதிவுக்கு ஒருமுறை ஃபிளஷ், அப்புறம் கேஷைக் காலியாக்கும் கிளியர். வரிசையை மாற்றிவிடாதீர்கள், கிளியர் முந்திக்கொண்டால் டேட்டாபேஸுக்குப் போகாத மாற்றமெல்லாம் சத்தமில்லாமல் போய்விடும். கிளியருக்குப் பிறகு பழைய ஆப்ஜெக்ட்டில் லேசியாக (இன்னும் ஏற்றப்படாமல்) இருக்கும் விவரத்தைத் தொட்டாலும் எரர்தான். படித்து அச்சிட மட்டும் என்றால் ஸ்டேட்லெஸ் செஷன் போதும், அதில் இந்தக் கேஷே கிடையாது.

இதையெல்லாம் செய்தும் விழுகிறதா? மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் என்றால் அதோடு இணைக்கும் டிரைவரைப் பாருங்கள். அதன் வழக்கமே முழு ரிசல்ட்டையும் ஒரே மூச்சில் மெமரிக்குக் கொண்டுவருவதுதான். பகுதி பகுதியாக எடுக்கும் கர்சர் ஃபெட்சை ஆன் செய்து, ஒரு தடவைக்கு எத்தனை என்ற ஃபெட்ச் சைஸும் கொடுக்க வேண்டும்.

குமுளி: ஏலக்காய் லாட் விவரங்களை ஏற்ற, பைத்தானின் ஜாங்கோவில் டெர்மினலிலிருந்து ஓட்டும் ஒரு கமாண்ட். என் லேப்டாப்பில் மெமரி ஏறுகிறது, சர்வரில் ஏறவில்லை. ஏன் அக்கா?

லேப்டாப்பில் டீபக் (பிழை தேட உதவும் அமைப்பு) ஆனில் இருக்கும். அப்போது ஓடிய ஒவ்வொரு எஸ்க்யூஎல்லையும் ஜாங்கோ சேர்த்து வைக்கும். வெப் ரிக்வெஸ்ட் என்றால் ஒவ்வொன்றின் தொடக்கத்திலும் அது காலியாகும். கமாண்டில் ரிக்வெஸ்ட் ஏது? 1.8 வெர்ஷனிலிருந்து கடைசி 9000 தான் நிற்கும். ஆனால் மொத்தமாகச் செருகும் நீள நீளமான இன்சர்ட்டுகள் 9000 சேர்ந்தால் அதுவே பெரும் பாரம். டீபக்கை அணையுங்கள், அல்லது ரீசெட் குவெரீஸைக் கூப்பிடுங்கள்.

இன்னொன்று: குவெரிசெட்டை (ஜாங்கோவின் தேடல் முடிவை) அப்படியே ஃபார் லூப்பில் விட்டால் முழுதும் கேஷாகும். ஐட்டரேட்டர் போட்டுச் சுற்றுங்கள்.

நகரி: டாட்நெட்டில் சேலை ஆர்டர் ஆப். வேகமாக இருக்கட்டும் என்று டிபிகான்டெக்ஸ்டை (ஹைபர்நேட்டின் செஷன் போன்றது) சிங்கிள்டன், அதாவது ஆப் முழுக்க ஒரே ஒன்று, ஆக்கினோம். மெமரி வீங்குவதால் தினமும் ரீஸ்டார்ட் செய்கிறோம்.

சிங்கிள்டனை எடுத்துவிடுங்கள். டிபிகான்டெக்ஸ்ட் ஒரு வேலைக்குத் திறந்து மூடுவதற்கானது. பல த்ரெட் ஒரே நேரத்தில் தொடவும் கூடாது, ஆகவே மெமரியோடு டேட்டாவும் குழம்பும். பட்டியல் காட்டும் பக்கங்களுக்கு, எடுத்த பதிவுகளைப் பிடித்து வைக்காத ஆஸ்நோடிராக்கிங் போடுங்கள்.

பாறசாலை: செஷனெல்லாம் சரியாக மூடுகிறோம் அக்கா. ஆனாலும் ஹைபர்நேட் ஆப் நாளுக்கு நாள் மெதுவாக வீங்குகிறது.

இது நல்ல கேள்வி. இன் (IN) என்று பட்டியல் கொடுத்துத் தேடும் குவெரி இருக்கிறதா? பட்டியலில் 3 ஐடி, 5 ஐடி, 17 ஐடி என்று நீளம் மாற மாற ஒவ்வொன்றும் ஹைபர்நேட்டுக்குப் புதுக் குவெரி. அதற்கெல்லாம் தனித்தனித் திட்டத்தைக் குவெரி பிளான் கேஷில் வைக்கும். அதன் இயல்பான எல்லை 2048. பெரிய குவெரிகள் என்றால் எல்லையைத் தொடும் முன்பே ஹீப் மூச்சு முட்டும். இன் கிளாஸ் பாராமீட்டர் பேடிங் என்ற அமைப்பை ஆன் செய்தால் 3 ஐடி 4 ஆகவும், 5 ஐடி 8 ஆகவும், 17 ஐடி 32 ஆகவும் நிரப்பப்படும், வகைகள் குறைந்துவிடும். ஜேபிக்யூஎல் (ஹைபர்நேட்டில் குவெரி எழுதும் மொழி) சரத்துக்குள் மதிப்பை நேரடியாக ஒட்டி எழுதுபவர்களுக்கும் இதே வீக்கம் வரும். அவர்களுக்கு இந்த அமைப்பு உதவாது, பாராமீட்டர் போட்டு எழுதத்தான் வேண்டும்.

செங்கோட்டை: எதில் மாட்டியிருக்கிறோம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ரேம் வாங்கும் முன் டம்ப் (மெமரியில் இருப்பதன் நகல்) எடுங்கள். ஜாவாவில் அவுட் ஆஃப் மெமரி வரும்போது தானாக ஹீப் டம்ப் எழுதும் ஆப்ஷன் உண்டு. அதை எக்லிப்ஸ் மேட் (MAT, மெமரி அனலைசர்) கருவியில் திறந்து, எது எதைப் பிடித்திருக்கிறது என்று காட்டும் டாமினேட்டர் டிரீயைப் பாருங்கள். எது அதிகம் என்பதைவிட, அதை யார் பிடித்திருக்கிறார் என்பதே கேள்வி. செஷனா, பிளான் கேஷா, யாரோ எழுதிய ஸ்டாட்டிக் மேப்பா என்று அங்கே தெரிந்துவிடும். பைத்தானில் மெமரியைக் கண்காணிக்கும் டிரேஸ்மேலாக் மூலம் இரண்டு ஸ்னாப்ஷாட் எடுத்து ஒப்பிடுங்கள்.

ஒன்று, அந்த டம்பில் வாடிக்கையாளர் பெயர், போன், வங்கிக் கணக்கு எல்லாம் அப்படியே இருக்கும். ‘பார்த்துச் சொல்லுங்கள் அக்கா’ என்று வாட்ஸாப்பில் எனக்கு அனுப்பாதீர்கள். மேட் காட்டும் திரையில் கிளாஸ் பெயர்கள் மட்டும் தெரியும்படி படம் எடுத்து அனுப்பினால் போதும்.