மே மாசம், மூணு வயசு குட்டி, ஃபாரின் பீச்: புக்கெட் சீப்பா கிடைக்குதுன்னு உடனே புக் பண்ணிடாதீங்க

கேள்வி: மேடம், நாங்க மடிப்பாக்கத்துல இருக்கோம். பொண்ணுக்கு மூணு வயசு. மே லீவுல முதல் தடவையா ஃபாரின் போலாம்னு இருக்கோம், பீச் கட்டாயம் வேணும்ங்கறாரு வீட்டுக்காரர். ஏஜென்ட் புக்கெட் 5 நாள் பேக்கேஜ் ரொம்ப கம்மியா தர்றேங்கறாரு. மாமியாரும் வர்றாங்க, சுத்த சைவம். புக் பண்ணலாமா?

பதில்: கம்மின்னா ஏன் கம்மின்னு முதல்ல அவரையே கேளுங்கம்மா. தாய்லாந்துல இருக்கற புக்கெட்ல படாங், காரோன், கத்தா எல்லாமே மேற்கு பார்த்த பீச், அந்தமான் கடல் நேரா வந்து அடிக்கும். மே மாசத்துலேர்ந்து அக்டோபர் வரைக்கும் அங்க தென்மேற்கு பருவக்காத்து. அதனால அலை பெருசாகும், உள்ள இழுக்கற நீரோட்டம் இருக்கும், பாதி நாள் பீச்ல சிவப்புக் கொடி நட்டு வச்சிருப்பாங்க. கொடியை மதிக்காம இறங்கி வருஷா வருஷம் டூரிஸ்ட்டுங்க மூழ்கிப் போறாங்க. மழை பெய்யாத நாள்லயும் இதே கதைதான், வானம் பளிச்சுன்னு இருக்கும், கடல் கொந்தளிச்சிட்டு இருக்கும். ஹோட்டல் ஸ்விம்மிங் பூல்ல மட்டும் இறங்கறதுக்கு அவ்ளோ தூரம் எதுக்கு, ஈசிஆர்ல ரெண்டு நாள் ரூம் போட்டா முடிஞ்சுது.

சின்னக் குழந்தையோட போகும்போது நாட்டை முடிவு பண்ணிட்டு மாசத்தை தேடக்கூடாது. லீவு எந்த மாசமோ அந்த மாசம் எந்தக் கடல் அமைதியா இருக்குன்னு பார்த்துட்டு அப்புறம்தான் டிக்கெட் பக்கமே போகணும்.

மே மாசத்துக்கு நான் சொல்றது இலங்கை கிழக்குக் கரை, பாசிக்குடா, மட்டக்களப்பு மாவட்டம். பாறைத்திட்டு கரையை மறைச்சு நிக்கறதால தண்ணி குளம் மாதிரி இருக்கும், ரொம்ப தூரம் நடந்து போனாலும் பெரியவங்களுக்கு இடுப்பளவுதான். இலங்கைன்னதும் எல்லாரும் பெந்தோட்டை, மிரிஸ்ஸன்னு போவாங்க, அது தென்மேற்குக் கரை, டிசம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும்தான் அழகு, மே மாசம் போனா புக்கெட் கதையேதான். ஒரே தீவுதான், ஆனா இந்தப் பக்கம் கொந்தளிக்கும்போது அந்தப் பக்கம் தூங்கும்.

கஷ்டத்தையும் சொல்லிடறேன். சென்னை டு கொழும்பு ஒன்றரை மணி நேரம்தான், ஆனா நீங்க இறங்கற கட்டுநாயக்கா ஏர்போர்ட்லேர்ந்து பாசிக்குடாவுக்கு வேன்ல ஆறு மணி நேரத்துக்கு மேல ஆகும். ஒரே மூச்சுல போகாதீங்க, குழந்தையும் வாந்தி எடுக்கும் மாமியாரும் முணுமுணுப்பாங்க, நடுவுல தம்புள்ளை இல்ல ஹபரணையில ஒரு ராத்திரி தங்கிடுங்க. மட்டக்களப்பு பக்கம் தமிழ் பேசற ஊரு, குழந்தைக்கு ஜுரம்னா டாக்டர்கிட்ட தமிழ்லயே சொல்லலாம், முதல் தடவை போறவங்களுக்கு அது எவ்ளோ பெரிய நிம்மதின்னு அங்க போனாதான் தெரியும். இடியாப்பம், புட்டு, சொதி கிடைக்கும், பொண்ணு சாப்பிட்டுடும். மாமியாருக்கு மட்டும் ஒண்ணு, அங்க தேங்காய் சம்பல்ல மாசிக்கருவாடு இடிச்சுப் போடறது சகஜம், பார்த்தா தெரியவே தெரியாது. "மாசி போடாம தாங்க"ன்னு ஒவ்வொரு வேளையும் கேட்டே ஆகணும்.

இல்ல, தாய்லாந்துதான் வேணும்னு வீட்டுக்காரர் அடம் பிடிச்சா கோ சமுய் பாருங்க. அது தாய்லாந்து வளைகுடாப் பக்கம், பெருமழை அக்டோபர்லேர்ந்து டிசம்பர் வரைக்கும், மே மாசம் பரவாயில்ல. சோங் மோன் பீச் குழந்தைங்களுக்கு ஏத்தது. ஆனா பாங்காக்ல இறங்கி இன்னொரு ஃப்ளைட், செலவும் ஜாஸ்தி.

ஹோட்டல் புக் பண்ணும்போது போட்டோவை நம்பாதீங்க, ரூம்லேர்ந்து தண்ணிக்கு எத்தனை நிமிஷ நடை, நடுவுல ரோடு இருக்கா, பூலுக்கு வேலி இருக்கான்னு கேளுங்க. என் பையனுக்கு நாலு வயசுல ஒரு இடத்துக்கு போனோம், பீச் ஃபிரண்ட்னுதான் போட்டிருந்தாங்க, போய் பார்த்தா நடுவுல லாரி ஓடற ரோடு, அஞ்சு நாளும் அவனை இடுப்புலயே தூக்கிட்டு கிராஸ் பண்ணினேன்.

தண்ணி விஷயத்துல நம்ம சென்னைக்காரங்களுக்கு ஒரு பிரச்சனை இருக்கு. மெரினாவுல கால் நனைச்சே வளர்ந்தவங்க நாம, அங்க சடார்னு ஆழமாகும்னு பயம் இருக்கும், அதனால கவனமா இருப்போம். பாசிக்குடா மாதிரி ஆழமில்லாத இடத்துல அந்த பயம் போயிடும், ஃபோனை எடுத்து உக்காந்துடுவோம். மூழ்கற குழந்தை கத்தாது, கையை ஆட்டி கூப்பிடாது, சத்தமே இல்லாம உள்ள போயிடும். அதனால கை நீட்டினா தொடற தூரத்துல ஒருத்தர் நிக்கணும், "இப்போ நீங்க பாருங்க"ன்னு வாய்விட்டு சொல்லி மாத்திக்குங்க, இல்லன்னா அவர் பார்க்கறாருன்னு நீங்களும் நீங்க பார்க்கறீங்கன்னு அவரும் நினைச்சுட்டு இருப்பீங்க. கையில மாட்டற காத்தடிச்ச பலூன் விளையாட்டு சாமான்தான், பாதுகாப்புன்னு நம்பாதீங்க. சாதா டயப்பர் கடல்ல ஊறி கல்லு மாதிரி கனக்கும், ஸ்விம் டயப்பர் இங்கேயே வாங்கிக்குங்க. பவளத் துண்டு குத்தும், ரப்பர் ஷூ போட்டு விடுங்க.

வெயில் மே மாசம் அங்கயும் நம்மூர் அக்னி நட்சத்திரத்துக்கு சளைச்சதில்ல. பாசிக்குடா கிழக்கு பார்த்த பீச், மெரினா மாதிரியே சூரியன் கடல்லதான் உதிக்கும், அதனால காலைல ஆறு மணிக்கு இறங்கி ஒன்பதுக்குள்ள ஏறிடுங்க, அப்புறம் நாலு மணிக்கு மேல. முழுக்கை நீச்சல் டிரெஸ், எஸ்பிஎஃப் 30க்கு மேல சன்ஸ்கிரீன், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவையும் தண்ணிலேர்ந்து வெளிய வந்ததும் மறுபடி தடவணும். ஓஆர்எஸ் பொடி பாக்கெட் எடுத்துட்டு போங்க, பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் தண்ணியில முழுசா கரைக்கணும், டம்ளர்ல கொஞ்சம் கொஞ்சமா போடறது தப்பு.

கடைசியா பாஸ்போர்ட். பொண்ணுக்கு தனி பாஸ்போர்ட் வேணும், உங்களோடதுல பேரை சேர்க்கற காலமெல்லாம் போயாச்சு. அப்ளை பண்ணும்போது அப்பா அம்மா ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட அனெக்சர் டிங்கற உறுதிமொழி ஃபாரம் வேணும், 4 வயசுக்கு கீழன்னா வெள்ளை பேக்ரவுண்ட் போட்டோவும் கையோட கொண்டு போகணும், குழந்தையையும் கூட்டிட்டு போகணும். மடிப்பாக்கத்துக்கு தாம்பரம் பாஸ்போர்ட் சேவா கேந்திரா பக்கம். டிக்கெட் போடறதுக்கு முன்னாடி மாமியார் பாஸ்போர்ட்டை பீரோவுலேர்ந்து எடுத்து தேதி பாருங்க, பயணத் தேதியிலேர்ந்து ஆறு மாசமாவது பாக்கி இருக்கணும். என்கிட்ட வர்ற குடும்பங்கள்ல ஏர்போர்ட் வரைக்கும் போய் மாட்டிக்கறது முக்கால்வாசி பாட்டிங்க பாஸ்போர்ட்தான்.