ஹிக்ஸ் புலமும் தேனும் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பிரபஞ்சம் முழுக்கப் பரவியிருக்கும் ஹிக்ஸ் புலம் தேன் மாதிரி, அதில் நீந்தும் துகள்கள் மெதுவாகின்றன, அதுவே நிறை என்று பல இடங்களில் படித்தேன். தேனில் விட்ட பொருள் சற்று தூரத்தில் நின்றுவிடுமே, எலக்ட்ரான் ஏன் நிற்பதில்லை? எங்கே தவறாகப் புரிந்துகொண்டேன்?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் சரியாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறீர்கள். உவமைதான் தவறு. தேன் வேகத்தைத் தின்றுவிடும். நிறை அப்படிச் செய்யாது, வேகத்தை மாற்ற வந்தால் மட்டுமே முரண்டு பிடிக்கும். வெற்றிடத்தில் தள்ளிவிட்ட எலக்ட்ரான் அதே வேகத்தில் போய்க்கொண்டே இருக்கும்.

சரி, உண்மையில் என்ன நடக்கிறது? எலக்ட்ரானில் இடக்கை, வலக்கை என்று இரண்டு வகை உண்டு (நிறையற்ற நிலையில், ஓடும் திசையை ஒட்டி எந்தப் பக்கம் சுழல்கிறது என்பதே வேறுபாடு). நிறை இல்லாவிட்டால் இரண்டும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் ஒளியின் வேகத்தில் தனித்தனியே ஓடும். இரண்டையும் இணைத்து, இடம் வலமாகவும் வலம் இடமாகவும் மாற வைப்பதற்குத்தான் புலக்கோட்பாட்டில் நிறை என்று பெயர். அப்படி மாறும் துகளால்தான் ஓரிடத்தில் நிற்கவும் முடியும்.

இங்கே ஒரு சிக்கல். மின்னூட்டம் போலவே, சில அணுக்கருக்கள் சிதையக் காரணமான வலுவற்ற விசைக்கும் ஓர் ஊட்டம் உண்டு. அது இடக்கை எலக்ட்ரானிடம் இருக்கிறது, வலக்கையிடம் இல்லை. அப்படியானால் இடம் வலமாகும்போது அந்த ஊட்டம் எங்கே போகும்? கணக்கு உதைக்கிறது. அதை நேர்செய்வது ஹிக்ஸ் புலம். மற்ற புலங்கள் வெற்றிடத்தில் சுழியில் அடங்கிவிடுகின்றன. இதற்கோ சுழியில் இருப்பதைவிட 246 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் (துகள் இயற்பியலின் ஆற்றல் அலகு, நிறையையும் இதிலேயே சொல்வோம்) என்ற மதிப்பில் இருப்பதற்கு ஆற்றல் குறைவாகப் போதும். அதனால் எங்கும் நிறைந்து நிற்கிறது. எலக்ட்ரான் கை மாறும்போதெல்லாம் அந்த ஊட்டத்தை இந்தப் புலத்திடம் வாங்கிக்கொள்கிறது, திருப்பித் தருகிறது. எனக்கு இந்தப் பாடத்தில் மிகப் பிடித்த இடம் இதுதான்.

இந்தப் புலத்தோடு பிணைப்பு எவ்வளவு வலுவோ அவ்வளவு நிறை. டாப் குவார்க் என்ற அடிப்படைத் துகளுக்கு எலக்ட்ரானைவிட 3 லட்சம் மடங்குக்கும் மேல். ஒளித்துகளுக்கு ஒன்றுமே இல்லை. பிணைப்பு ஏன் இந்த அளவுகளில் இருக்கிறது என்பதற்குக் கோட்பாட்டில் காரணம் கிடையாது, அளந்து எழுதிக்கொள்கிறோம். அது எனக்கு உறுத்தல்தான். 1964இல் ஹிக்ஸ், எங்லெர், ப்ரௌட் முதலியோர் முன்வைத்த இந்தப் புலத்தின் அதிர்வை, 125 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் நிறையுள்ள துகளாக, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் ஆய்வகம் கண்டுபிடித்ததாக 2012 ஜூலை 4 அன்று அறிவித்தது.

அப்புறம், நம் உடலின் எடையில் பெரும்பகுதி ஹிக்ஸ் தந்தது அல்ல. புரோட்டானின் நிறை 938 மெகா எலக்ட்ரான் வோல்ட். அதற்குள் இருக்கும் மூன்று குவார்க்குகளின் நிறையைக் கூட்டினால் சுமார் 9தான் வரும். மீதியில் பெரும்பங்கு, குவார்க்குகளின் ஓட்டத்திலும் அவற்றைக் கட்டிவைக்கும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். ஆனால் எலக்ட்ரானின் 0.511 மெகா எலக்ட்ரான் வோல்ட் முழுக்க ஹிக்ஸ் கொடுத்தது. அந்த நிறை பாதியானால் அணு இரண்டு மடங்கு பெரிதாகும். சுழியானால் எலக்ட்ரான் எந்த அணுவிலும் தங்காது.