மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் சின்ன கிளினிக் வைத்திருக்கிறோம். தூக்க மாத்திரை, கோடீன் இருமல் மருந்து வெளியே போகாமல் இருக்க ஊழியர்களுக்கு எப்படிப் பயிற்சி கொடுப்பது?

"சந்தேக நோயாளியைக் கண்டுபிடிப்பது எப்படி" என்று தொடங்காதீர்கள். அது தோட்டத்துப் பையன், பச்சை குத்தியவன் என்று முகம் பார்ப்பதில் போய் நிற்கும். அலமாரியிலிருந்து காணாமல் போகும் மருந்து கணக்கில்தான் பிடிபடும்.

முதல் பாடத்தை இருமல் மருந்துக் கேலனை வைத்தே நடத்துங்கள். போதைக்காகக் கெத்தும் இலைத் தண்ணீரில் கலந்து குடிக்க இதைத் தேடி வருகிறார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். 3.8 லிட்டர் கேலனை 90 மில்லி போத்தல்களில் ஊற்றினால் 42 போத்தல் வரும், 20 மில்லி மிஞ்சும். ஒட்டியது, சிந்தியது என்று ஒரு போத்தல் குறைந்தால் விடலாம். 39 என்று எழுதியிருந்தால் 290 மில்லிக்குக் கணக்கு வேண்டும். அவ்வளவு சிந்தியிருந்தால் தரை பிசுபிசுத்திருக்கும். ஒருவர் ஊற்றட்டும், இன்னொருவர் எண்ணட்டும், கேலனைத் திறந்த தேதி லேபிளில் இருக்கட்டும்.

அடுத்தது பூட்டு அலமாரி. 1952 நச்சுப்பொருள் சட்டத்தின் கீழ் வந்த 1989 மனமயக்கப் பொருள் விதிமுறைகளில் டயஸெபாம், அல்பிரஸோலாம், மிடஸோலாம் போன்ற தூக்க, பதற்ற மருந்துகள் எல்லாம் அடங்கும். உடல் இளைக்கக் கொடுக்கும் ஃபென்டர்மினும் அதில்தான் வருகிறது. பல இடங்களில் அது வைட்டமின் டப்பா பக்கத்தில் கிடக்கும். கொடுத்த கையோடு பதிவேட்டில் எழுதி, மீதியையும் எழுதப் பழக்குங்கள். சாயங்காலம் சேர்த்து எழுதினால் அது ஞாபகக் கணக்குதான். மாத முடிவில் மட்டும் எண்ணினால், 20 மாத்திரை குறைவது தெரியும். எந்த நாள், யார் கையில் என்பது தெரியாது. கடையடைக்கும்போது இருவர் எண்ணினால் ஐந்து நிமிட வேலை. ஆர்டர் போடுபவரே சரக்கை வாங்கிப் பதிவும் செய்வது கூடாது.

சாட்சிக் கையெழுத்தைச் செய்தே காட்டுங்கள். வலிப்பு வந்தவருக்கு 10 மில்லிகிராம் மருந்துள்ள 2 மில்லி டயஸெபாம் ஆம்பூலில் (ஊசி மருந்துக் குப்பி) பாதி போட்டால் 1 மில்லி மிச்சம். அதைக் கொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இரண்டாமவர் கையெழுத்து. "நீ போட்டுடு, அப்புறம் சைன் பண்றேன்" என்பது வழக்கமானால் அந்த 1 மில்லி எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

கவுண்டரில்தான் சங்கடம். சின்ன ஊர், எல்லோரும் தெரிந்த முகம். "பாட்டிக்குத் தூக்கம் வரல, பழைய சீட்டு இருக்கு" என்று பேரன் வந்தால் பதினெட்டு வயது உதவியாளர் என்ன சொல்வார்? இருவரை நிற்க வைத்து ஒத்திகை பாருங்கள். "அண்ணே, டாக்டர் பார்க்காம இத கொடுக்க முடியாதுண்ணே, பாட்டிய கூட்டிட்டு வாங்க" என்ற ஒரே வாக்கியம் எல்லோர் வாயிலும் வரட்டும். வற்புறுத்தினால் டாக்டரிடம் அனுப்பட்டும். வாதாடுவது அவர் வேலையல்ல.

டாக்டருக்கும் பாடம் உண்டு. சீட்டில் 10 என்று மட்டும் எழுதினால் ஒரு பூஜ்யம் சேர்க்க ஒரு பேனா போதும். எழுத்திலும் எழுதுங்கள், கீழே கோடு போடுங்கள். பக்கத்து கிளினிக்கில் என்ன கொடுத்தார்கள் என்பது உங்கள் கணினிக்குத் தெரியாது. அதனால் மைகார்டு (அடையாள அட்டை) பார்த்துப் பதியுங்கள், ஒரு வாரத்துக்கு மேல் முதல் தடவையே கொடுக்காதீர்கள். அதற்காக, அல்பிரஸோலாமை நெடுநாள் சாப்பிடுபவருக்குப் பயந்துபோய் ஒரே நாளில் நிறுத்திவிடாதீர்கள். வலிப்பு வரலாம், மெல்லக் குறைக்க வேண்டும்.

கணக்கு இடித்தால் அன்றே மறுபடி எண்ணி, கடைசிப் பதிவுகளைச் சீட்டுகளோடு ஒப்பிடுங்கள். தவறான எண்ணை வெள்ளை மையால் மறைக்காமல் ஒரு கோடு போட்டுக் கையெழுத்திடுங்கள். திருட்டு என்றால் போலீஸ் புகார், கூடவே சுகாதார அமைச்சின் மருந்தக அமலாக்கப் பிரிவுக்கும் தகவல். வேலையை விட்டுப் போனவர் கையில் சாவி இருந்திருந்தால், அவர் திருப்பிக் கொடுத்தாலும் பூட்டை மாற்றிவிடுங்கள்.